புத்தகத்தைப் பற்றி எங்கே பேசுவது, யார் பேசுவது

என்னுடைய இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு அச்சகத்தில் இருக்கிறது. முதல் தொகுப்பின் சிங்கள மொழிபெயர்ப்பும் அதே மாதத்தில் வருகிறது. இந்தச் செய்தி பரவியதிலிருந்து போன் ஓயவில்லை. ஞாயிறுப் பத்திரிகை ஒன்று செவ்வி கேட்கிறது. ஒரு வானொலி அரைமணி நேரம் தருவதாகச் சொல்கிறது. யூரியூப் சனல்கள் இரண்டு. ரொறன்ரோவிலிருந்து சூம் கூட்டத்துக்கு அழைப்பு. கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள், "ரீச்சர், முதல் இஞ்சைதான் கதைக்கோணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

முதல் புத்தகத்தின்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். யாராவது கேட்கிறார்களே என்ற சந்தோஷம். இந்த முறை உட்கார்ந்து யோசித்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் முதல் புத்தகம் போடுகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வியும் இதுதான் என்பதால், யோசித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

எதை எதனோடு ஒப்பிட்டாலும் இரண்டு விஷயத்தை முன்னால் வைத்தேன். கேள்வி கேட்பவர் புத்தகத்தைப் படித்திருப்பாரா? நான் சொன்னது சொன்னபடி நிற்குமா? எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது அதற்குப் பிறகுதான். வன்னியில் இருந்து எழுதுகிறவருக்கு இந்த வரிசை முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் வெளியீட்டு விழா. நம்மிடத்தில் புத்தகம் என்றால் விழாதான் முதல் நினைவுக்கு வரும். என் முதல் தொகுப்புக்கும் கிளிநொச்சியில் மண்டபம் எடுத்து, மங்கல விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, நயவுரை என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டபோது மணி ஆறு தாண்டிவிட்டது. முல்லைத்தீவு பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் பின்வரிசையில் எழும்பத் தொடங்கினார்கள். எனக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஏழு நிமிடம் பேசினேன், பெரும்பாலும் நன்றிதான். கதைகளைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை.

ஆனால் விழாவைக் குறைத்துப் பேச மாட்டேன். மேடைக்கு வந்து பிரதி வாங்கியவர்கள் கையில் வைத்துவிட்டுப் போன என்வலப்புகள் இல்லாவிட்டால் முந்நூறு பிரதிகளுக்கான அச்சகக் கடனை நான் அடைத்திருக்க முடியாது. சில என்வலப்புகளில் பெயர்கூட இல்லை. புத்தகத்தின் விலையைவிட நான்கு மடங்கு பணம் இருந்தது. ஊர் தன் எழுத்தாளரைத் தாங்குகிற விதம் அது. விழா விற்பனைக்கும் மரியாதைக்கும் உரிய இடம். புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேறு இடம் வேண்டும். இரண்டையும் ஒரே பின்னேரத்தில் சேர்த்தது நான் விட்ட பிழை.

காணொளிக்கு வருகிறேன். இன்றைக்கு அதிகம் பேரிடம் போய்ச் சேர்வது அதுதான், மறுக்க முடியாது. என் முதல் நூலுக்கு ஒரு சனல் வந்தது. பெயர் வேண்டாம். இரண்டு தம்பிமார், நல்ல மரியாதையான பிள்ளைகள். கமெராவைப் பூட்டிவிட்டு ஒருவர் கேட்டார்: "அக்கா, புத்தகத்திலை என்ன இருக்கெண்டு சுருக்கமாச் சொல்லுங்கோ." படிக்கவில்லை என்று அந்தக் கேள்வியே சொல்லிவிட்டது. வீட்டு முற்றத்தில் ஒரு மணித்தியாலம் எடுத்தார்கள். தொகுப்பில் பதினொரு கதை. போரைப் பற்றியவை நான்கு. மற்றவை தையல் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், நுண்கடன் கட்ட முடியாத தாய், இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்குக் காத்திருக்கிற சிறுபோகம், இப்படி. அவற்றைப் பற்றி நான் பேசத் தொடங்கும்போதெல்லாம் கமெராக்காரத் தம்பி கையைக் காட்டி, "பங்கர் கதைக்கு வாங்கோ அக்கா" என்பார். ஒரு இடத்தில் என் குரல் தழுதழுத்தது. "அந்த இடத்திலை கொஞ்சம் நிண்டு, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார். நான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

வெளிவந்தது ஒன்பது நிமிடம். முகப்புப் படத்தில் என் அழுத முகம், அதன் மேல் நான் சொல்லாத ஒரு வசனம் சிவப்பெழுத்தில். புத்தகத்தின் அட்டை கடைசியில் சில விநாடி. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்த மாதம் எத்தனை பிரதி கூடுதலாகப் போனது என்று புத்தகக் கடையில் கேட்டேன். ஒன்றும் இல்லை. பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், கதைகளுக்கு வரவில்லை. எல்லாச் சனலும் இப்படி என்று சொல்லவில்லை. படித்துவிட்டு வந்து, வெட்டாமல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எது எது என்று தெரியாமல் முதல் பேச்சையே கமெராவுக்கு முன்னால் வைப்பது சரியில்லை என்பது என் தீர்மானம்.

எழுத்தில் தருகிற செவ்விக்கு நான் பெரிய ஆதரவாளி. பத்திரிகையோ, ஜீவநதி, ஞானம் போன்ற இலக்கிய இதழோ, கேள்விகளை முதலில் எழுதி அனுப்பச் சொல்லலாம். யோசித்துப் பதில் எழுதலாம். இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், ஏதோ பேசத் தெரியாததால் கேட்பது போல. கூச்சம் தேவையில்லை. பாரிஸ் ரிவ்யூ என்ற இதழ் 1953 முதல் எழுத்தாளர் நேர்காணல்களைப் போட்டுவருகிறது. பதில்களை எழுத்தாளரே திருத்திக்கொடுக்க அங்கே இடம் உண்டு. அந்த நேர்காணல்களை உலகம் முழுக்க இன்னும் படிக்கிறார்கள். விளாதிமிர் நபகோவ் கேள்விகளை எழுத்தில் வாங்கி, பதில்களையும் எழுதிவைத்துத்தான் செவ்வி கொடுத்தார். வார்த்தையைத் தொழிலாக வைத்திருப்பவர் தன் வார்த்தையைச் சரிபார்க்க நேரம் கேட்பதில் என்ன தவறு?

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பும் அந்த வழக்கில் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. கவிதைகளை முழுதாக மொழிபெயர்த்துப் படித்தவர்கள், அவை வன்முறைக்கு எதிரானவை என்றார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பிய்த்து, வேறு மொழியில் வேறு அர்த்தத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. நான் சொன்னது சொன்னபடி நிற்கவேண்டும் என்று முதலில் எழுதினேனே, அது இதனால்தான். எழுதிக் கொடுத்த பதிலின் பிரதி நம் கையில் இருக்கும்.

குறை என்றால், இடம். 2022 இல் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. இலக்கியப் பக்கம் எப்போதும் முதலில் சுருங்குகிற பக்கம். நான் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தால் அரைப்பக்கம் வரும். அந்த அரைப்பக்கம் நான் எழுதிய அரைப்பக்கமாக இருந்தால் போதும். தேநீர்க் கடையில் ஒரு பத்திரிகையை இருபது பேர் படிக்கிற ஊர் எங்களுடையது. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் அதற்குமேலும் போகும்.

வானொலி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம், பற்றரி கிடையாது, கரண்ட் கிடையாது. எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, அண்ணை பெடலைக் கையால் சுற்றுவார். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சுற்றுகிற கை தளர்ந்தால் குரலும் தளரும். "சுத்தடா, சுத்தடா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பா. பக்கத்து வீட்டுக்காரர் ஆறேழு பேர் முற்றத்தில் குந்தியிருப்பார்கள். ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஆனால் குரலை மட்டும் வைத்து ஒன்றை நம்புகிற பழக்கம் எங்கள் தலைமுறையிடம் இன்னும் இருக்கிறது.

புத்தகத்துக்கு வானொலி பொருந்துவதற்கு எளிய காரணம், அங்கே வாசிக்கலாம். காணொளியில் இரண்டு பக்கம் வாசித்தால் பார்ப்பவர் கடந்து போய்விடுவார். வானொலியில் சமைத்துக்கொண்டே கேட்பவர், உழவு இயந்திரத்தில் இருந்தபடி கேட்பவர் போகமாட்டார். என் முகம் தெரியாது, அழுதேனா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. கதை மட்டும் போகும். நேரலையா, ஒலிப்பதிவா என்று கேட்டால் முதல் நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவுதான் நல்லது. நேரலையில் யாராவது அழைத்து, "இதெல்லாம் உண்மையா நடந்ததோ?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லவேண்டிவரும். கதைக்குள் வருகிற அயலவர் யார் என்று ஊரே ஊகிக்கிற இடத்தில் அது பாரதூரமான கேள்வி. இருபது விநாடியில் சொல்லக்கூடிய பதில் அதற்குக் கிடையாது.

சூம் கூட்டம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் இரண்டரை, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. மூன்று இடத்துக்கும் தோதான ஒரே நேரம் கிட்டத்தட்ட அதுதான். வருபவர்கள் படித்துவிட்டு வருவார்கள், புத்தகமும் வாங்குவார்கள். ஆனால் கேள்விகள் சீக்கிரமே புத்தகத்தை விட்டு அரசியலுக்குப் போய்விடும். நெறிப்படுத்துபவர் யார் என்று தெரிந்துகொண்டு ஓம் சொன்னால் போதும். பிரதிகளை அங்கே அனுப்ப வழி இருக்கிறதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி வாசிகசாலை. ஐம்பது கதிரை, ஒரு மின்விசிறி, பிளேன்ரீ, பணிஸ். ஒலிவாங்கி தேவையில்லை. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பத்துப் பிரதியைக் கொடுப்பேன், சுற்றில் விடச் சொல்லியிருக்கிறேன். கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை, ஏனென்றால் படித்தவர்கள் மட்டும் கேள்வி கேட்பார்கள். முதல் தொகுப்பு வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு இப்படி ஒரு கூட்டம் தற்செயலாக நடந்தது. ஒரு ஆச்சி, பேத்தி வாசிக்கக் கேட்டவர், எழும்பி, "பிள்ளை, நீ அந்தக் கதையிலை மாட்டை அவிட்டு விட்டிட்டுப் போன எண்டு எழுதினனி. அவிட்டு விட்டதுக்குப் பிறகு அது எங்கடை பின்னாலை வந்தது. அதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது தொகுப்பின் முதல் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. எந்தப் பத்திரிகையும் எந்தச் சனலும் இப்படி ஒரு கேள்வியை எனக்குத் தந்ததில்லை.

நேரம் பார்க்கவேண்டும். காலபோக அறுவடை நடக்கிற தை, மாசியில் கூட்டம் வைத்தால் கதிரைகள்தான் இருக்கும். பெண்கள் வரவேண்டும் என்றால் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எங்கே பேசுவது என்பது பற்றி. யார் பேசுவது என்ற கேள்வி மொழிபெயர்ப்பு வந்ததும் வருகிறது. அதற்குத்தான் நான் அதிக நாள் எடுத்தேன்.

என் கதைகளைச் சிங்களத்துக்குக் கொண்டுபோனவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை "அக்கே" என்பார், நான் அவரை "மல்லி" என்பேன், தம்பி என்று அர்த்தம். கடந்த வருடம் ஒரு கதை மட்டும் சிங்களச் சிற்றிதழ் ஒன்றில் வந்தது. குருநாகலில் ஒரு வாசகர் வட்டம் அதைப் பேச எங்களைக் கூப்பிட்டது. எனக்குப் போகமுடியவில்லை, அவர் தனியாகப் போனார். அந்தக் கதையில் 2009 இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற இடம் ஒன்று வரும். தமிழில் நான் 'கஞ்சி' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அவர் 'கெந்த' என்று போட்டிருந்தார். அகராதிப்படி சரி. கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி, "கெந்த நல்ல சாப்பாடுதானே, நாங்களும் காலையில் குடிக்கிறோம், அதற்கு ஏன் இவ்வளவு துக்கம்?" என்று கேட்டாராம். தெற்கில் கெந்த என்றால் பச்சை இலைச் சாறு விட்டுக் காய்ச்சுகிற, உடம்புக்கு நல்ல கொல கெந்ததான் கண்ணுக்குள் வரும். அந்த அம்மா பொல்லாப்புக்குக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த கஞ்சி அதுதான்.

மல்லி அந்த இடத்திலேயே பேசி விளங்கப்படுத்தியிருக்கிறார். இரவு எனக்குப் போன் எடுத்து, "அக்கே, உங்கட கஞ்சியில அரிசி எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் இருக்கும், உப்பும் தண்ணீரும்தான், தேங்காய்ப்பால் இல்லை என்றேன். இப்போது நூலாக வருகிற பதிப்பில் 'அரிசியைத் தேடவேண்டிய கஞ்சி' என்று அரை வசனம் கூட்டியிருக்கிறார். என்னிடம் கேட்டுத்தான் கூட்டினார். அந்த மேடையில் அவர் இல்லாமல் நான் இருந்திருந்தால் கேள்வியே எனக்கு விளங்கியிருக்காது. நான் கோபப்பட்டிருப்பேன். வாசகருக்கு எது தெரியாது என்பது மொழிபெயர்ப்பாளருக்குத்தான் தெரியும். அதனால் மொழிபெயர்ப்பாளரை எழுத்தாளரின் துபாஷியாக மட்டும் பக்கத்தில் இருத்துவதை நான் ஏற்கவில்லை. அவருக்குச் சொந்தக் கேள்வியும் சொந்தப் பதிலும் உண்டு.

மூன்று வழி இருக்கிறது. எழுத்தாளர் மட்டும் பேசுவது, மொழிபெயர்ப்பாளர் மட்டும் பேசுவது, இருவரும் சேர்ந்து பேசுவது.

மொழிபெயர்ப்பாளர் மட்டும் பேசுவதற்கு உலகறிந்த உதாரணம் இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே. அது புனைபெயர். அவர் மேடைக்கு வருவதில்லை, எழுத்தில் மட்டும் பதில் தருவார். ஆங்கிலத்தில் அந்த நாவல்களைப் பற்றி ஊடகங்களில் பேசியவர் மொழிபெயர்ப்பாளர் ஆன் கோல்ட்ஸ்டைன். முகம் காட்ட விரும்பாத எழுத்தாளர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை, குடும்பம், பாதுகாப்பு என்று காரணங்கள் பல. அவர்களுக்கு இந்த வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. புத்தகம் வெளிவர முகமும் வெளிவரவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஆனால் எழுத்தாளர் அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த, பரந்தனில் பிறந்த தமிழினி 2015 ஒக்டோபரில் இறந்தார். அவருடைய தன்வரலாறு நூலாக வந்தது 2016 இல். சாமிநாதன் விமல் அதைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாப் பக்கமும் தமிழினியேதான் எழுதினாரா என்ற சந்தேகத்தைச் சிலர் கிளப்பியபோது பதில் சொல்ல அவர் இல்லை. மற்றவர்கள்தான் பேசினார்கள், அவரவர் பக்கத்தில் நின்று. உயிரோடு இருக்கிறவர் ஒரு செவ்வியாவது எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

சேர்ந்து பேசுவதுதான் எனக்குப் பிடித்தது. சர்வதேச புக்கர் பரிசில் 2016 முதல் பரிசுத்தொகையான ஐம்பதாயிரம் பவுணை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். நம் மேடைகளில் மொழிபெயர்ப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தி வரிசையின் கடைசியில் இருத்திவிடுகிறோம். அழைப்பிதழில் பெயர் சிறிய எழுத்தில் வரும், சில வேளை வராது. கிளிநொச்சிக்காரரான தீபச்செல்வனின் நாவலைச் சரத் ஆனந்த சிங்களத்துக்குக் கொண்டுபோனார். அதைப் போன்ற வேலைகள் நடக்கிற காலத்தில் இந்தப் பழக்கம் மாறத்தான் வேண்டும். சேர்ந்து பேசுவதற்கு இரட்டிப்பு நேரம் வேண்டும் என்பது உண்மை. ஒவ்வொரு பதிலும் இரண்டு மொழியில் போகும். அரைமணி நிகழ்ச்சியில் கால்மணிதான் மிஞ்சும். அதனால் கேள்விகளைக் குறைத்து ஐந்தோடு நிறுத்தச் சொல்லலாம்.

சரி, முடிவுக்கு வருகிறேன். முதல் பேச்சு வாசிகசாலையில், பங்குனியில், அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு. மல்லி முதல்நாள் இரவு ரயிலில் வருகிறார், தங்குவது எங்கள் வீட்டில், பயணச் செலவு என்னுடையது. கஞ்சி வருகிற பக்கத்தை நான் தமிழில் வாசிக்க, அவர் சிங்களத்தில் வாசிப்பார். பத்திரிகையிடம் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டேன், அனுப்பியும் விட்டார்கள். ஒன்பது கேள்வியில் ஏழு, புத்தகத்தைப் படித்தவர் மட்டும் கேட்கக்கூடியவை. வானொலிக்கு ஓம், ஒலிப்பதிவாக, சிங்கள நூலுக்கு மல்லியும் சேர்ந்து. விழா இந்த முறையும் உண்டு, ஆனால் நான்கு உரை மட்டும், ஏற்புரை இரண்டாவது. தலைமை தாங்கக் கேட்ட ஐயா அதற்குச் சம்மதித்துவிட்டார். சூம் கூட்டத்தை வைகாசிக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினேன்.

யூரியூப் சனல்கள் இரண்டுக்கும் ஒரே பதில் அனுப்பினேன். புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், எங்கள் பேச்சை இடையில் வெட்டாமல் போடுங்கள், முகப்புப் படத்தில் போடுகிற வசனத்தை எனக்கு முதலில் காட்டுங்கள். ஒரு சனலில் இருந்து நேற்றுவரை பதில் இல்லை. மற்றதில் இருந்து ஒரு தங்கச்சி நேற்றுப் பின்னேரம் போன் எடுத்து, "அக்கா, புத்தகம் எங்கை வாங்கலாம்?" என்று கேட்டா. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கிற கடையைச் சொல்லியிருக்கிறேன்.